வேலை தேடுபவருக்கான கருவியை யார் வடிவமைப்பது?

தடைகளுக்கு நடுவே வேலை தேடுபவர்களுக்கான செயலிகளையும் இணையதளங்களையும் அவர்களையும் கூட வைத்துக்கொண்டுதான் உருவாக்க வேண்டும் என்பதை இன்று வெளிப்படையாக மறுப்பவர் யாருமில்லை. கூட வைத்துக்கொள்வது என்றால் என்ன என்பதில்தான் கருத்து வேறுபாடு. எந்தக் கட்டத்தில் அழைப்பது? முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கும்? வந்து யோசனை சொல்பவருக்குக் கூலி உண்டா? கருவி வெளிவந்த பிறகு அதைப் பராமரிப்பது யார்? இவற்றுக்கு அரை நூற்றாண்டாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறொரு நாட்டில், வேறொரு போராட்டத்தில் பிறந்தது. அந்தப் பதில்கள் எதுவரை வந்து நிற்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பிரச்சினையின் அளவைச் சொல்லிவிட்டுத் தொடங்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைப் பதிவு செய்தது. அவர்களில் வேலையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 36 சதவீதம். 2018இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76ஆவது சுற்று, 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்தே 23.8 சதவீதம்தான் என்று கண்டது. இரண்டு கணக்குகளின் வரையறைகளும் வேறு என்பதால் இவற்றை அருகருகே வைத்து ஏற்ற இறக்கம் பேச முடியாது. பெரும்பான்மையோர் வேலைச் சந்தைக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன. எழுத்தறிவு வாய்க்காதவர்கள், சிறை சென்று திரும்பியவர்கள், பிள்ளை வளர்ப்பதற்காக வேலையை விட்டு வருடக்கணக்கில் வீட்டிலிருந்த பெண்கள் என்று வேறு தடைகளோடு வேலை தேடுபவர்களும் இந்த விவாதத்துக்குள் வருகிறார்கள்.

சங்கம் இருந்தவர்களின் வழி

முதல் பதில் தொழிற்சங்கத்திலிருந்து வந்தது. 1970களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் கிறிஸ்டன் நிகார்டோடு சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர். ஆலைக்குள் வரப்போகும் கணினி தங்கள் வேலையை என்ன செய்யும் என்பதைத் தொழிலாளர்களே ஆராய்வதுதான் நோக்கம். புதிய கணினி முறைகளைப் புகுத்துமுன் நிர்வாகம் தகவல் தர வேண்டும், கலந்துபேச வேண்டும் என்ற ஒப்பந்தங்கள் நார்வேயில் உருவானதற்கு அது வழி திறந்தது.

அடுத்து 1981 முதல் 1985 வரை, நோர்டிக் நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கங்களோடு யுடோப்பியா திட்டம் நடந்தது. பக்கம் அமைக்கும் கணினிகள் அன்று எளிதில் கைக்கு வரக்கூடியவை அல்ல. அதனால் ஆய்வாளர்கள் அட்டைப்பெட்டியும் காகிதமும் கொண்டு மாதிரிகள் செய்தார்கள். ஒரு வெற்றுப் பெட்டியின் மேல் லேசர் அச்சுப்பொறி என்று எழுதி ஒட்டியிருந்தது. அச்சுத் தொழிலாளர்கள் அதை வைத்து நாளைய வேலைநாளை நடித்துப் பார்த்தார்கள். எங்கே கை தடுமாறும், எந்தத் திறமை வீணாகும் என்று சொன்னார்கள். ஒரு வரி நிரல் எழுதப்படுவதற்கு முன்பே, தொழில் தெரிந்தவரின் சொல் வடிவமைப்புக்குள் போய்விட்டது.

இன்று உலகெங்கும் பேசப்படும் பங்கேற்பு வடிவமைப்பு இங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால் அதைக் கடன் வாங்கியவர்களில் பலர் அதன் அடித்தளத்தை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தொழிலாளர்களின் சொல் எடுபட்டதற்குக் காரணம் அட்டைப்பெட்டி அல்ல, பின்னால் நின்ற சங்கம். அவர்கள் மறுத்தால் நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வந்தாக வேண்டும். வேலை தேடுபவருக்கோ ஆலையும் இல்லை, சங்கமும் இல்லை. அவர் மறுத்தால் இன்னொருவரை அழைத்துக்கொள்ளலாம். அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969இலேயே குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்துக் காட்டினார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் நடுப்படிகள். அங்கே கேட்பவருக்கு, கேட்டபடி நடக்க வேண்டிய கடமை இல்லை. வேலை தேடுவோருக்கான திட்டங்களில் பெரும்பாலானவை இந்த நடுப்படிகளிலேயே நிற்கின்றன என்றே தோன்றுகிறது.

சட்டமும் தரநிர்ணயமும்

இரண்டாவது பதில் மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தினுடையது. எங்களை விலக்கிவைத்து எங்களைப் பற்றி எதையும் தீர்மானிக்காதே என்ற முழக்கம் அதன் மையம். கருணையால் கிடைக்கும் அழைப்பை நம்பியிராமல், அணுகத்தக்க கருவியைச் சட்ட உரிமையாக்கு என்பது அதன் வாதம். 1998இல் அமெரிக்கா தன் மத்திய அரசு நிறுவனங்களின் தகவல் தொழில்நுட்பத்துக்கு அணுகல் நிபந்தனை விதித்தது. 1999இல் இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் முதல் பதிப்பு வந்தது. 2023இல் வந்த 2.2ஆம் பதிப்பு வரை அவை வளர்ந்திருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கை 2006இல் பிறந்தது. இந்தியா 2007இல் அதற்கு ஒப்புதல் தந்தது. அதன் தொடர்ச்சியாக இந்தியா இயற்றிய 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலைகளில் 4 சதவீத இடஒதுக்கீட்டோடு, தகவல் தொழில்நுட்பம் எல்லோரும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற கடமையையும் வைத்தது.

தரநிர்ணயம் ஏன் வேண்டும் என்பதை ஒரு விண்ணப்பப் படிவத்தை வைத்தே பார்க்கலாம். பார்வையற்ற பட்டதாரி ஒருவர் திரைவாசிப்பு மென்பொருளோடு அதைத் திறக்கிறார். டேப் விசையை அழுத்தினால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும். நிரலில் பெட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தால் தந்தை பெயர், பிறந்த தேதி என்று காதில் விழும். கொடுக்காமல் விட்டிருந்தால் எடிட், எடிட், எடிட் என்று மட்டுமே கேட்கும். எதில் எதை நிரப்புவது என்று தெரியாது. அதைத் தாண்டினால் நெளிந்த எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சிடச் சொல்லும் கேப்ட்சா. அதையும் யாரையாவது கேட்டு முடித்தால், ஓடிபி வந்து அதைச் செல்பேசியில் தேடிக் கேட்பதற்குள் நேரம் முடிந்து தளம் வெளியே தள்ளிவிடும். வேலைக்கான அறிவிப்பே ஸ்கேன் செய்த படமாக இருந்தால், மென்பொருளுக்கு அங்கே வாசிக்க ஒன்றுமில்லை.

தமிழுக்கு இதில் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருக் குறியீடுகளில் தட்டச்சு செய்த பிடிஎஃப் கோப்புகள் இன்னும் புழக்கத்திலிருந்து போய்விடவில்லை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, திரைவாசிப்பானுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசை. இதை முதலில் கண்டுபிடிப்பவர் எப்போதும் அதைக் கேட்டுப் படிக்க வேண்டியவர்தான். அவரை அழைக்காமல் செய்யும் சோதனையில் இந்தக் குறை தெரியவே தெரியாது.

இந்த வழியின் பலவீனங்கள் இரண்டு. விதிப்பட்டியலில் எல்லாக் கட்டங்களிலும் டிக் வாங்கிய தளம்கூட நடைமுறையில் பயன்படாமல் போகலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் தேவைகளைத் தானியங்கிச் சோதனைகளால் அளப்பது கடினம். மற்றது, அமலாக்கம். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த 2017ஆம் ஆண்டு விதிகளின் 15ஆவது விதி அந்த மூலச் சட்டத்துக்கே முரணானது என்றது. சட்டம் கட்டாயமாக்கியதை, விதி வெறும் வழிகாட்டுதலாகச் சுருக்கிவிட்டது என்பதே காரணம். சட்டம் வந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் கட்டாயம் எது, விருப்பம் எது என்று நீதிமன்றம் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பெங்களூரில் ஒரு சோதனை

மூன்றாவது பதில், பயனர் வாழும் இடத்துக்குப் போ என்பது. இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. 2000களின் நடுவில் பெங்களூர் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் இந்திராணி மேதியும் கென்டாரோ டோயாமாவும் அவர்களுடைய குழுவினரும், எழுத்தறிவில்லாத பெண்கள் வீட்டு வேலை தேடுவதற்கான எழுத்தே இல்லாத கணினித் திரை ஒன்றை உருவாக்கினார்கள். குடிசைப் பகுதிகளுக்குத் திரும்பத் திரும்பப் போய், அங்குள்ள பெண்களிடம் படங்களைக் காட்டித் திருத்தி, மறுபடியும் காட்டி வளர்த்த வடிவம் அது.

அதில் தெரியவந்தவை மேசையில் உட்கார்ந்து ஊகிக்கக்கூடியவை அல்ல. சமையல் வேலையைக் குறிக்கப் பாத்திரத்தை வரைந்தால் பாத்திரமாகத்தான் தெரிந்தது. கெண்டியிலிருந்து ஆவி எழுவதுபோலவும் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதுபோலவும் வரைந்த பிறகுதான் அது செய்ய வேண்டிய வேலையாகப் புரிந்தது. ஒளிப்படத்தைவிடக் கையால் வரைந்த எளிய படம் சுலபமாகப் பிடிபட்டது. எல்லாவற்றையும்விட முக்கியமான தடை படத்தில் இல்லை. இந்தப் பெட்டிக்குள்ளிருந்து தனக்கு வேலை எப்படி வரும் என்பதே அவர்களுக்குப் புரியவில்லை, நம்பிக்கையும் வரவில்லை. வேலை தரும் வீட்டுக்காரர் தகவலைப் பதிவதிலிருந்து வேலைக்காரப் பெண் அதைக் கண்டுபிடிப்பதுவரை முழுக் கதையையும் சொல்லும் வீடியோவைச் சேர்த்த பிறகே தயக்கம் குறைந்தது. கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்பதைவிட, எதற்காகப் பயன்படுத்துவது என்பதை விளக்குவதே பெரிய வேலையாக இருந்திருக்கிறது.

இதே சூழலிலிருந்துதான் 2007இல் பாபாஜாப் கிளம்பியது. அதே ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த ஷான் பிளாக்ஸ்வெட் தொடங்கிய அந்த நிறுவனம், ஓட்டுநர், சமையல்காரர், காவலாளி போன்ற வேலைகளுக்குக் குறுஞ்செய்தியையும் குரல்வழி அழைப்பையும் பயன்படுத்தியது. 2017இல் குவிக்கர் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. இந்த வழியின் பலவீனம் இங்கேதான். மக்களோடு சேர்ந்து கற்ற பாடம் ஆய்வுக்கூடத்தின் அல்லது நிறுவனத்தின் சொத்தாகிறது; கற்றுக்கொடுத்தவர்களுக்கு அதன் எதிர்காலத்தில் குரல் இல்லை. டோயாமாவே 2015இல் எழுதிய நூலில், தொழில்நுட்பம் இருக்கும் மனித ஆற்றலைப் பெருக்குமே தவிர, இல்லாததை உண்டாக்காது என்று வாதிட்டார். களத்தில் வேலை பார்த்தவர் சொன்னதால் அதற்குக் கனம் அதிகம்.

பயன்படுத்துபவரே படைப்பவர்

பங்கேற்பாளராக அழைக்கப்படக் காத்திருக்காமல் தானே எழுதிக்கொள்வது நான்காவது வழி. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்றவரான ஜேம்ஸ் டே விரைவில் சேர்ந்துகொண்டார். வணிக மென்பொருள்களின் விலை பெரும்பாலான பார்வையற்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்ததே தூண்டுதல். இலவசம், திறந்த மூலம், பைதான் மொழியில் எழுதப்பட்டது என்பதால் உலகெங்குமிருந்து தன்னார்வலர்கள் நிரலும் மொழிபெயர்ப்பும் தந்தார்கள். அதோடு சேர்ந்து வரும் ஈஸ்பீக் பேச்சுப் பொறி தமிழையும் பேசும். உலகில் அதிகம் பயன்படும் இரண்டு திரைவாசிப்பான்களில் ஒன்றாக இன்று அது நிற்கிறது. இந்தியாவில் கணினிப் பயிற்சி பெறும் பார்வையற்ற மாணவருக்கு அது இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாலே அதன் மதிப்பு புரியும்.

நான்கு வழிகளில் அதிகாரப் பங்கீடு மிகத் தெளிவாக இருப்பது இதில்தான். ஆனால் இது எல்லாத் தடைகளுக்கும் பொருந்துமா என்பது சந்தேகம். நிரல் எழுதத் தெரிந்த பார்வையற்றவர்கள் இருந்ததால் இது நடந்தது. எழுத்தறிவில்லாத வீட்டுப் பணியாளரோ நேற்று விடுதலையானவரோ அந்த இடத்தை அடைய நடுவில் யாராவது வேண்டும். நிதிக்கு நன்கொடைகளையும் மானியங்களையும் எதிர்பார்த்திருக்க வேண்டிய நிலையும் உண்டு. இன்னொன்று: எவ்வளவு நல்ல திரைவாசிப்பானாலும் பெயரிடப்படாத பெட்டிக்கு நம்பகமாகப் பெயர் சூட்ட முடியாது. அந்தத் திருத்தம் எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும்.

பட்டறைகள் மீதான விமர்சனம்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டவானா டிலஹன்ட் டெட்ராய்ட் பகுதியில் வசதி குறைந்த வேலை தேடுபவர்களோடு நீண்டகாலம் வேலை செய்திருக்கிறார். பல கருத்துருக்களை அவர்கள் முன் வைத்து, எது தேவை என்று கேட்டு, அதன்பிறகே சிலவற்றைக் கட்டினார். தன்விவரக் குறிப்பைத் தன்னார்வலர்கள் பார்த்துத் திருத்தம் சொல்லும் ரிவ்யூ-மீ, விரும்பும் வேலைக்கு இன்னும் எந்தத் திறன்கள் வேண்டும், அவற்றை எங்கே பெறலாம் என்று காட்டும் டிரீம்கிக்ஸ் ஆகியவை அவற்றில் அடங்கும். இணையத்தில் வேலைப் பட்டியலுக்குக் குறைவில்லை. தன் குறிப்பைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இல்லாததுதான் குறை என்பதை இந்த ஆய்வுகள் வெளியே கொண்டுவந்தன.

இதற்கு இணையாக ஒரு கடுமையான விமர்சனமும் வளர்ந்தது. கிறிஸ்டினா ஹாரிங்டன், ஷீனா எரேட், ஆன் மேரி பைப்பர் ஆகியோர் 2019இல், ஒட்டுத்தாளும் வெள்ளைப் பலகையுமாக நடக்கும் வடிவமைப்புப் பட்டறை என்ற வடிவமே படித்த, வசதியுள்ளவர்களின் பழக்கத்தை எல்லோர் மீதும் சுமத்துகிறது என்று காட்டினார்கள். வானத்தையே எல்லையாக வைத்துக் கற்பனை செய்யச் சொல்வது, வாழ்நாள் முழுக்க இல்லை என்றே கேட்டவர்களுக்கு விளையாட்டாக இருப்பதில்லை. சாஷா கோஸ்டான்சா-சாக்கின் 2020 நூல் இன்னும் ஒரு படி போய், வடிவமைப்பின் பயன் யாரைச் சேர்கிறது, சுமை யார் மேல் விழுகிறது என்பதையே அளவுகோலாக வைக்கச் சொன்னது. நம் ஊரில் இதற்கு நேரடிப் பொருள் உண்டு. தினக்கூலியை விட்டுவிட்டு வந்து உட்காருபவருக்குச் சான்றிதழும் தேநீரும் கொடுத்து அனுப்புவது பங்கேற்பு அல்ல. அந்த நாளின் கூலி திட்டச் செலவில் சேர வேண்டும்.

மேசையின் மறுபக்கம்

இதுவரை பார்த்தவை எல்லாம் வேலை தேடுபவரின் கையில் இருக்கும் கருவியைப் பற்றியவை. இந்த விவாதத்தின் மிகப் பயனுள்ள திருப்பம், மேசையின் மறுபக்கத்தைப் பார்க்கச் சொல்வதுதான்.

அமெரிக்காவில் பழைய குற்றப்பதிவு வேலைக்குப் பெரிய தடை. கலிபோர்னியா 2016இல் கஞ்சா பயன்பாட்டைச் சட்டபூர்வமாக்கியபோது, பழைய தண்டனைகளைக் குறைக்கவோ நீக்கவோ மனுச் செய்யலாம் என்றும் சொன்னது. தகுதியுள்ளவர்களில் மிகச் சிலரே மனுச் செய்தார்கள். கோட் ஃபார் அமெரிக்கா என்ற லாப நோக்கற்ற அமைப்பு முதலில் செய்தது, மனு எழுத உதவும் இணையக் கருவி. பிறகு பார்வையை மாற்றிக்கொண்டது. சான்பிரான்சிஸ்கோ மாவட்ட வழக்கறிஞர் அலுவலகத்தோடு சேர்ந்து, அலுவலகத்தின் பதிவேடுகளை மொத்தமாக வாசித்துத் தகுதியானவற்றைத் தானே கண்டெடுக்கும் நிரலை எழுதியது. 2019 பிப்ரவரியில் 8,000க்கும் மேற்பட்ட தண்டனைப் பதிவுகள் அவ்வாறு கண்டெடுக்கப்பட்டன. சம்பந்தப்பட்டவர் ஒரு படிவத்தைக்கூட நிரப்ப வேண்டியிருக்கவில்லை. தடையைத் தாண்ட உதவுவதைவிடத் தடையையே எடுத்துவிடுவது மேல் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதே மறுபக்கம் எதிராகவும் திரும்பும். ஆஸ்திரியாவின் அரசு வேலைவாய்ப்புச் சேவை, வேலை தேடுபவர்களை வாய்ப்பின் அடிப்படையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கும் கணிப்பு முறையை உருவாக்கியது. 2018இல் அதன் கணக்கு வெளியே தெரிந்தபோது, பெண் என்பதற்கும் உடல்நலக் குறைபாட்டுக்கும் புள்ளி குறைவது தெரியவந்தது. வீட்டில் பிறரைப் பராமரிக்கும் பொறுப்புக்கும் பெண்களுக்கு மட்டும் புள்ளி குறைந்தது. சந்தையில் உள்ள நிலையை அப்படியே காட்டுகிறோம் என்பது அந்தச் சேவையின் தரப்பு வாதம். அந்த நிலையை மாற்றுவதற்காகத்தான் அரசுச் சேவை இருக்கிறது என்பது எதிர்வாதம், அதுவே வலுவானது. 2020இல் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்தது. விவகாரம் நீதிமன்றங்களுக்குப் போனது. போலந்தில் 2014இல் வந்த இதேபோன்ற வகைப்பாடு, 2018இல் அரசமைப்புத் தீர்ப்பாயத்தின் முடிவுக்குப் பிறகு கைவிடப்பட்டது. தனியார் பக்கத்தில், பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளிய ஆள்தேர்வு நிரலை அமேசான் கைவிட்ட செய்தியை 2018இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. நேர்காணல் வீடியோவில் முகபாவத்தை அளக்கும் முறையை ஹயர்வியூ நிறுவனம் கைவிடுவதாக 2021இல் அறிவித்தது. முகத்தசை இயக்கம் வேறுபட்ட ஒருவருக்கு அந்த அளவீடு என்ன செய்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னும் தீராதவை

இந்த வழிகளை ஒன்றுக்கொன்று போட்டியாகப் பார்ப்பதைவிட, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் பயன்படுகிறது என்று பார்ப்பது பயன் தரும். பிரச்சினையைத் தேர்ந்தெடுக்க டெட்ராய்ட்டும் கலிபோர்னியாவும் வழிகாட்டுகின்றன. வடிவத்துக்கு பெங்களூர். நீடிப்புக்கு என்விடிஏ. கட்டாயத்துக்குச் சட்டம். நார்வேயின் பாடம் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது: மறுக்கும் பலம் இல்லாதவரைக் கலந்துபேசுவதில் பெரிய பொருளில்லை. அந்தப் பலத்தை வேலை தேடுபவர்களுக்கு எந்த அமைப்பு தரும் என்பதற்கு இதுவரை நிறைவான விடை கிடைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் ஓரளவு அந்த இடத்தை நிரப்புகின்றன. மற்றத் தடைகளோடு இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.

சான்றுகளிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. சேர்ந்து வடிவமைத்த கருவி பயன்படுத்த எளிதாகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. அதனால் கூடுதலானோர்க்கு வேலை கிடைத்தது, கிடைத்த வேலையில் நீடித்தார்கள் என்று உறுதியாகச் சொல்லும் ஆதாரம் மெலிதாகவே இருக்கிறது. வேலை கிடைப்பதில் பொருளாதாரச் சூழல், ஊர், போக்குவரத்து, வேலையளிப்பவரின் மனநிலை என்று பல காரணங்கள் கலந்திருப்பதால் கருவியின் பங்கைத் தனியே பிரிப்பது எளிதல்ல. இது பங்கேற்புக்கு எதிரான வாதம் ஆகாது. கருவியின் வெற்றியைப் பதிவிறக்க எண்ணிக்கையில் காட்டும் வழக்கத்துக்கு எதிரான வாதம்.

தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் புதுப்பித்தலும் இணையத்துக்கு வந்துவிட்டன. ஆகவே மேலே சொன்ன ஒவ்வொரு குறையும் இனி விண்ணப்பதாரரை வாசலிலேயே நிறுத்திவிடக் கூடியது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வங்கிக் கணக்குத் திறப்பது போன்றவற்றில் மின்னணு வழியில் வாடிக்கையாளரை அடையாளம் காணும் முறைகள் பற்றி 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. செயலியோ தளமோ வடிவமைக்கும்போது பயனர் ஏற்புச் சோதனையில் பார்வையற்றவர்களையும் ஈடுபடுத்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சம்பளக் கணக்குத் திறக்கும் இடத்தில் வந்துவிட்ட இந்த நிபந்தனை, அந்தச் சம்பளத்தைத் தேடும் இடத்துக்கும் வர வேண்டும். அரசு வேலைவாய்ப்புத் தளங்களுக்கான ஒவ்வொரு டெண்டரிலும், கூலி பெறும் மாற்றுத்திறனாளிச் சோதனையாளர்களின் ஒப்புதல் இல்லாமல் இறுதித் தவணைப் பணம் தரப்படாது என்ற ஒரு வரியைச் சேர்க்கப் புதிய சட்டம் தேவையில்லை. தமிழக அரசு அதை அடுத்த டெண்டரிலேயே சேர்க்கலாம், சேர்க்க வேண்டும்.